அறுபத்தொன்றாம் எண்ணுக்கு ஆதாரம்

செவ்வாய்க்கிழமை காலை என் மேசையில் ஒரு சிவப்புச் சீட்டு இருந்தது. அதில் ஒரு எண், ஒரு சொல். "61. ஆதாரம்?"

எங்கள் அலுவலகத்தில் சிவப்புச் சீட்டு வைப்பவர் ஒருவர்தான். சரிபார்ப்பு மேடம். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும். மறுப்புச் சொன்னதில்லை.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். 

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு தயாரிக்கிறோம். மாணவர்களுக்கானது. முந்நூறு தொடர்கள், பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பொருள், பயன்பாடு, பிறந்த கதை. முதல் இரண்டையும் அகராதியைப் பார்த்து எழுதிவிடலாம். பிறந்த கதையில்தான் தகராறு. ஊரில் உலவும் கதையை எல்லாம் போட முடியாது. எந்த நூல், எந்தப் பக்கம் என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதாரம் கிடைக்காவிட்டால் "தோற்றம் தெரியவில்லை" என்று போட வேண்டும். அதில் ஒரு வெட்கமும் இல்லை என்பார் மேடம். முந்நூறில் நூற்றுப் பத்து அப்படித்தான் இருக்கிறது.

அறுபத்தொன்று இது. பேச வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காமல் நிற்பவரைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்பார்கள்: பூனை உன் நாக்கைக் கொண்டுபோய்விட்டதா? பொருள் அவ்வளவுதான். பிறந்த கதையாக மூன்று உலவுகின்றன. கப்பலில் குற்றவாளியை அடிக்கும் ஒன்பது வார்ச் சாட்டைக்குப் பூனை என்று பெயர், அடி வாங்கியவன் வாயடைத்துப் போவான் என்பது ஒன்று. பழைய அரசன் ஒருவன் பொய் சொன்னவர்களின் நாக்கை அறுத்துத் தன் பூனைகளுக்குப் போட்டான் என்பது இன்னொன்று. சூனியக்காரியின் பூனை, பார்த்ததை வெளியே சொல்லாதபடி மனிதரின் நாக்கைக் கட்டிவிடும் என்பது மூன்றாவது. எதற்கும் ஆதாரம் கிடையாது. விதிப்படி நான் "தோற்றம் தெரியவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும்.

நான் இப்படி எழுதியிருந்தேன்:

"வீட்டில் எல்லோரும் தூங்கியதும் பூனை வரும். பகலில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட சொல் யார் நாக்கில் கிடக்கிறதோ, அதை மெல்ல எடுத்துக்கொள்ளும். தின்னாது. தொண்டையில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும். பூனையின் தொண்டையில் கேட்கும் குறுகுறு சத்தம் அந்தச் சொற்கள்தான். திரும்ப வேண்டுமென்றால் கேட்கக் கூடாது. கேட்டால் ஓடிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும். சலித்துப்போய் அதுவே உங்கள் மடியில் போட்டுவிட்டுப் போகும்."

அட்டையில் "நாட்டார் கதைத் திரட்டு, தொகுதி 2, பக்கம் 118" என்று எழுதியிருந்தேன். அப்படி ஒரு நூல் இல்லை.

கதையைச் சொன்னவள் என் மனைவி. மருத்துவமனையில், ஒன்பதாம் எண் கட்டிலில். எனக்குப் பொதுவாகவே பேச்சு குறைவு. பயம் வந்தால் சுத்தமாக நின்றுவிடும். அன்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பின் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"என்ன, பூனை வந்துட்டுப் போயிடுச்சா?" என்றாள்.

நாற்காலியில் கிடந்த என் தாள்களில் மேலே இருந்தது அறுபத்தொன்று. நான் அதை எடுத்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். மூச்சு வாங்கி வாங்கிக் கதையைச் சொன்னாள். நான் அங்கேயே எழுதினேன்.

"இது புக்ல வருமா?"

"வரும்."

"சும்மா சொல்லாத. சத்தியமா?"

"சத்தியமா."

"எத்தனாவது பக்கம்?"

"அறுபத்தொண்ணு."

அன்று சாயங்காலமே தன் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். பதினேழு நாள் கழித்து இறந்தாள். ஐந்து மாதம் ஆகிறது.

பதினொரு மணிக்கு மேடம் என் மேசைக்கு வந்தார். அவர் நடக்கும்போது செருப்புச் சத்தம் வராது. பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம்தான் வரும்.

"அந்த ரெண்டாம் தொகுதி கிடைக்கலை. மூணு நூலகத்துக்குப் போன் போட்டேன். ஒருத்தர் முதல் தொகுதியே கிடையாதுங்கறார். உங்ககிட்ட இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தலை ஆடியது. இருக்கிறது என்பதாக ஆடியது.

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகுது. ஆதாரம் இல்லேன்னா கதையை எடுத்துட்டு 'தெரியவில்லை'ன்னு போட்டுடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

அந்த இரண்டு நிமிடம் நாள் முழுக்க என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா, அவளுடைய அப்பா, என்னோடுதான் இருக்கிறார். மகளுக்குக் காரியம் நடந்த வாரம் ஒரு பையோடு வந்தவர் திரும்பிப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஓட்டியவர். அதனால் அவருடைய எந்தக் கதையும் பதினொரு மாடிக்கு மேல் நீளாது. ஆள் இறங்கிவிட்டால் கதையும் அங்கேயே நிற்கும். மீதியை எப்போதாவது சொல்வார், பெரும்பாலும் சொல்வதில்லை. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது அலமாரியின் மேல் தட்டு துடைத்துக் காலியாக இருந்தது. அவளுடைய மருந்துப் பெட்டிகள் அங்கே இருந்தன. நான் எடுக்காமல் வைத்திருந்தவை.

"மாப்பிள்ளை, எடம் பண்ணிட்டேன். பத்து புக்கு நிக்கும்."

"பத்தா?"

"எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. முடிவெட்டறவருக்கு ஒண்ணு. மருந்துக்கடைக்காரர் ரெண்டு கேட்டிருக்கார்."

"அவருக்கு எதுக்கு?"

"பூனை வளர்க்கறாராம்."

நான் காலணியைக் கழற்றினேன்.

"எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க மாமா?"

"யார்கிட்டயும் பெருசா சொல்லலை. ஒரு பதினாலு பேர் இருக்கும்." தட்டை என் முன்னால் வைத்தார். "அவ பேரு போடுவாங்களா?"

"கதைக்குப் பேர் போடறது வழக்கமில்லை."

"பரவால்லை. நமக்குத் தெரியும்ல. வெள்ளிக்கிழமை அச்சுன்னா கைக்கு எப்ப வரும்?"

"ரெண்டு வாரம்."

"ரைட்டு. புக்கை எங்க திறந்தாலும் அந்தப் பக்கந்தான் விழணும். அப்படி அழுத்தி வெச்சிருவேன்."

தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்துபோனேன்.

புதன்கிழமை மேடத்திடம் "மறந்துட்டேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "வயசு முப்பதுகூட ஆகலை, மறதியா? நாளைக்கு," என்றார். பேனா மூடி இரண்டு முறை சொடுக்கியது.

பக்க அமைப்புப் பிரிவில் ஓர் அண்ணன் இருக்கிறார். எல்லாத் தாளையும் தூக்கிப் பிடித்து "கோடு தள்ளியிருக்கு" என்பார். அதனால் கோடு அண்ணன். மதியம் அவர் அறைக்குப் போய் நின்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூஞ்சி ஏம்ப்பா சரியில்லை? தள்ளியிருக்கு."

சொன்னேன். நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். நூல் இல்லை. கதை அவள் சொன்னது. மாமா பதினாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் காட்ட வேண்டும்.

அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். கொஞ்ச நேரம் மோவாயைத் தேய்த்தார்.

"நூத்திப் பதினெட்டாம் பக்கம் மட்டும் இருந்தா போதும்ல?"

"என்னது?"

"புக்கு உதிருது, பக்கத்தை மட்டும் கொண்டுவந்தேன்னு சொல்லு. பக்கத்தை நான் பண்ணித் தர்றேன்."

"வேணாண்ணே."

"வேணாம்னா போ. வெள்ளிக்கிழமை அந்தம்மா ரெண்டு நிமிஷத்துல தூக்கிடும்."

நான் போகவில்லை. கதவைச் சாத்தினேன். எப்படிச் சாத்தினேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

அண்ணன் உற்சாகமாகிவிட்டார். பழைய காகிதக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு தாளை உருவினார். கதையின் மேலே வேறொரு கதையின் கடைசி வரிகளையும், கீழே இன்னொரு கதையின் தொடக்கத்தையும் அவரே இட்டுக் கட்டினார். மேலே வந்தது நரி, கீழே வந்தது கிணறு. அச்செடுத்து, தட்டில் டீயை ஊற்றி அதில் போட்டு, பிறகு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். ஓரத்தை நகத்தால் கிள்ளினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியா, ஒரு கோடுகூடத் தள்ளலை," என்றார். சந்தோஷத்தில் முகம் சிவந்திருந்தது.

அந்தக் காகிதத்தை அன்று வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தெரு முனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். மறுபடி தெரு முனைவரை போனேன்.

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு மேடத்தின் அறைக்குள் போனேன். சிறிய அறை. மேசை, இரண்டு நாற்காலி, பூட்டிய இரும்பு அலமாரி. காகிதத்தை மேசையில் வைத்தேன்.

"புக்கு உதிருது," என்றேன்.

அவர் அதைத் தொடாமல் முதலில் பார்த்தார். பிறகு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"டீயா?"

நான் கிள்ளியிருந்த ஓரத்தைப் பார்த்தேன்.

"சர்க்கரை போட்டதா, போடாததா? போட்டதா இருந்தா எறும்பு வரும். என் அலமாரி முழுக்கக் காகிதம்."



காகிதத்தை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒரு எழுத்தைக் காட்டினார்.

"இந்த 'ழ'வோட வாலைப் பாருங்க. வரி இடிக்குதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி அதை நறுக்கச் சொன்னது நான். முடியாதுன்னு உங்க அண்ணன் ஒரு மாசம் என்கூடப் பேசலை. இந்த மொட்டை வால் நம்ம எழுத்துருவுல மட்டுந்தான் இருக்கு. உதிர்ற அளவுக்குப் பழைய புக்குக்கு எப்படிப் போச்சு?"

அடுத்து மேலாளரைக் கூப்பிடுவார். இன்றே வெளியே அனுப்புவார்கள். மாமாவிடம் என்ன சொல்வேன்? மேல் தட்டு காலியாக இருக்கிறது. மருந்துப் பெட்டிகளைத் திரும்ப வைக்க வேண்டும். அதுதான் எனக்குத் தோன்றியது. பெட்டிகளை எந்த வரிசையில் வைத்திருந்தேன் என்று நினைவில்லை.

"உட்காருங்க," என்றார்.

உட்கார்ந்தேன். அவர் எழுந்து, தன் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இருநூற்று நாற்பதாம் பக்கத்தின் திருத்தப்படியை எடுத்து மடியில் வைத்தார். படிக்க ஆரம்பித்தார்.

அவர் எதுவும் கேட்கவில்லை.

ஒரு பக்கம் முடித்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு காற்புள்ளியை அடித்தார். வெளியே யாரோ கதவைத் தட்டி, எட்டிப் பார்த்து, போய்விட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது பக்கத்தைப் புரட்டும்போது என் குரல் கேட்டது.

"என் மனைவி சொன்னது."

"ம்," என்றார். ஒரு பிழையைச் சுழித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. ஜன்னல் கம்பி. ஒன்பதாம் எண் கட்டில். டாக்டர் சொன்ன வார்த்தை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சத்தியம் செய்தது. பக்க எண். பதினேழு நாள். மாமா அலமாரியைத் துடைத்தது. மருந்துக்கடைக்காரரின் பூனைவரை சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. அவர் மடியில் இருந்த பக்கம் மட்டும் அதன் பிறகு திரும்பவில்லை.

முடித்ததும் அவர் பேனாவை மூடினார்.

"உங்க அட்டை மொத்தம் எத்தனை?"

"நாற்பத்து நாலு."

"இந்த மாதிரி வேற?"

"இல்லை."

"நான் நம்பறேன். ஆனா நம்பிக்கை ஆதாரம் இல்லை. நாளைக்கு மதியத்துக்குள்ள நாற்பத்து நாலையும் நூலைத் திறந்து வெச்சு மறுபடி பாருங்க. இதை நான் பார்க்கலை." டீக் காகிதத்தை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். "உங்க அண்ணன்கிட்ட, வேலை சுத்தம், புத்திதான் தள்ளியிருக்குன்னு சொல்லுங்க."

பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். அதில் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"இதுக்குக் கண்ணி நோட்டுன்னு பேர். என்னையும் மேலாளரையும் தவிர யாருக்கும் தெரியாது. நம்ம புக்கை அப்படியே அள்ளித் தங்க பேர்ல போட்டுக்கறவங்க இருக்காங்க. போன பதிப்பை மூணு பேர் அள்ளினாங்க. கேட்டா, உண்மை எல்லாருக்கும் பொதுதானேம்பாங்க. அதுவும் சரிதான். அதனால ஒவ்வொரு புக்லயும் உலகத்துல வேற எங்கயும் இல்லாத ஒண்ணை நாமளே உண்டாக்கி வெப்போம். அது அவங்க புக்ல இருந்தா, கையும் களவுமா மாட்டுவாங்க."

நான் நோட்டைப் பார்த்தேன்.

"இந்த புக்குக்கு இன்னும் வெக்கலை. ஒரு மாசமா உட்கார்ந்து பார்க்கறேன். எனக்குப் பொய் வரமாட்டேங்குது." முதல் முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். "படிக்கறது பிள்ளைங்க. அதனால வாசகம் மாறும். உலவற மூணு கதையும் வரும், ஆதாரம் இல்லைன்னு போடுவோம். கடைசியில உங்க கதை. 'என்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு'ன்னு முடிப்போம். அதுல ஒரு பொய்யும் இல்லை. சொன்னாங்க. நீங்க கேட்டீங்க."

"அப்ப வருமா?"

"அறுபத்தொண்ணாம் பக்கத்துல வரும். ஆனா யார் சொன்னாங்கன்னு வெளியில தெரியக் கூடாது. தெரிஞ்சா, நாங்களும் அங்கதான் கேட்டோம்பாங்க, அப்புறம் கண்ணி இல்லை. அந்தப் பதினாலு பேருக்கு ஒரு வழி பண்ணணும்."

நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பழைய பக்கங்களில் நாலைந்து பதிவுகள். கோடுகள் போட்டுப் பிரித்திருந்தது. எண். பக்கம். உண்டாக்கியவர். உண்டாக்கிய நாள். கையெழுத்து.

"நீங்களே எழுதுங்க."

எண்ணையும் பக்கத்தையும் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. அவள் பெயரை நான் கடைசியாக எழுதியது மருத்துவமனை அலுவலக ஜன்னலில், நின்றுகொண்டே. அந்தப் படிவத்திலும் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதன் தலைப்பு வேறு.

முழுப் பெயரையும் எழுதினேன். நாள் என்ற கட்டத்தில், ஒன்பதாம் எண் கட்டிலில் அவள் சொன்ன தேதியைப் போட்டேன். கையெழுத்திட்டேன்.

சாயங்காலம் மாமாவிடம் சொல்வதற்குள் மூன்று முறை தண்ணீர் குடித்தேன். கண்ணி என்றால் என்ன, ஏன் வாயை மூட வேண்டும் என்று சொன்னேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

"அப்ப மருந்துக்கடைக்காரர்கிட்ட என்ன சொல்ல?"

"கதை வரலை, எடுத்துட்டாங்கன்னு."

"எம் பொண்ணு கதையை எடுத்துட்டாங்கன்னு நானே சொல்லணும்."

"ஆமா மாமா."

"பதினாலு பேர்கிட்டயும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரால் முடியாது. பேசாமல் இருந்து பழகாத மனிதர். நாளைக்கே முடிவெட்டுகிறவரிடம் உளறிவிடுவார். மேடத்துக்குத் தெரிந்துவிடும். எல்லாம் போய்விடும்.

"அந்த நோட்டுல அவ பேரு இருக்கா?"

"இருக்கு. உண்டாக்கியவர்னு போட்டு, முழுப் பேரு."

அவர் அலமாரியின் மேல் தட்டைப் பார்த்தார்.

"ஏழாவது மாடியில ஒரு ஆபீசர் இருந்தாரு," என்றார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாரு. எனக்குப் புரியலை, பேந்தப் பேந்த முழிச்சேன். என்னப்பா, பூனை நாக்கைத் தூக்கிட்டுப் போயிடுச்சான்னு அவரே தமிழ்ல சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். ஏழு வந்துச்சு, இறங்கிட்டாரு." நிறுத்தினார். கதவு எதுவும் திறக்கவில்லை. மேலே சொன்னார். "அதை ரொம்ப வருஷம் கழிச்சு இவகிட்ட சொன்னேன். எட்டு வயசு. தூக்கிட்டுப் போன நாக்கைப் பூனை என்னப்பா பண்ணும்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? ஆபீசர் இறங்கிட்டாரும்மா, அவ்வளவுதான் கதைன்னேன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா. அப்புறம் ஒருநாள் நான் செருப்பு மாட்டிட்டிருக்கேன், பின்னாடியே வந்து சொல்றா. தின்னாதுப்பா, தொண்டையில வெச்சு உருட்டும், கேட்டா ஓடிடும், பக்கத்துல சும்மா உட்காரணும்."

"எட்டு வயசுலயா?"

"மூணாங் கிளாஸ். உங்ககிட்ட எப்பச் சொன்னா?"

நான் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் காலித் தட்டை மறுபடி ஒரு முறை துடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் அலுவலகம் கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். மருந்துக்கடை வாசலில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் குரல் வெளியே கேட்டது. "ரெண்டு புக்கு சொல்லியிருந்தீங்கல்ல? வேணாம். கதையை எடுத்துட்டாங்க. எடம் இல்லையாம். மாப்பிள்ளை பாவம், அவரு என்ன பண்ணுவாரு." கடைக்காரர் ஏதோ ஆறுதல் சொன்னார். மாமா படி இறங்கி வந்தார். வியர்த்திருந்தது.

"ஒண்ணு முடிஞ்சுது," என்றார். "இன்னும் பதிமூணு. நீங்க கிளம்புங்க."

நாற்பத்து நாலு அட்டைகளையும் பார்த்து முடிக்க மதியம் ஆனது. மூன்றில் பக்க எண் தவறு. திருத்தினேன். கொண்டுபோய் மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் எண்ணிப் பார்த்து ஓரமாக வைத்தார். நான் போகாமல் நின்றேன்.

"என்ன?"

"அந்த நோட்டு வேணும். ஒரு திருத்தம். உண்டாக்கிய நாள் தப்பு. இருபது வருஷம் முன்னாடி."

அவர் நிமிர்ந்தார். நோட்டை எடுக்கவில்லை. முதலில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்து, எழுதி, என் பக்கம் தள்ளினார். "61. ஆதாரம்?"

"அவங்க அப்பா," என்றேன். "லிஃப்ட் ஓட்டினவர். பக்கத்துல இருந்து கேட்டிருக்கார்."

மேடம் அலமாரிச் சாவியைத் தேடினார்.